சூடோ போட்டு வயர்ஷார்க் திறக்கிற புண்ணியவான்களுக்கு...

லினக்ஸ்ல வயர்ஷார்க் போட்டவுடனே பலருக்கும் நடக்குறது இதுதான். எந்த நெட்வொர்க்கைக் கவனிக்கணுமோ அது லிஸ்ட்லயே வராது, இல்லன்னா அனுமதி இல்லைன்னு முறைக்கும். உடனே பக்கத்து சீட்லேர்ந்து வைத்தியம் வரும்: "சூடோ போட்டுத் திற பாஸ், எல்லாம் வரும்."

வரும்தான். கூடவே வேற என்னென்ன வரும்ங்கிறதுதான் என் கவலை.

வயர்ஷார்க் ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, பாக்கெட்டைப் பிடிக்கிறது. இன்னொண்ணு, பிடிச்சதைப் பிரிச்சு அர்த்தம் சொல்றது. முதல் வேலைக்குத்தான் கெர்னல் விசேஷ உரிமை கேக்குது. ரெண்டாவதுக்கு ஒரு உரிமையும் வேணாம். ஆனா ஆபத்து அங்கதான் இருக்கு. 1998ல ஈதரியல்ங்கிற பேர்ல வெளிவந்து, 2006ல பேர் மாறின மென்பொருள் இது. ஆயிரக்கணக்கான புரோட்டோகாலைப் பிரிக்கிற நிரல், பெரும்பாலும் சி மொழியில, எத்தனையோ பேர் எழுதினது. அதுல பாதுகாப்பு ஓட்டைகள் அப்பப்ப வெளிய வந்துட்டேதான் இருக்கு. முன்பின் தெரியாதவன் அனுப்பின கோணல் பாக்கெட்டை ரூட்டா உக்காந்து பிரிக்கிறது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

இதுக்கு வழி எப்பவோ வந்தாச்சு. 2008ல வந்த 2.6.24 கெர்னல்லேர்ந்து, ரூட்டோட அதிகாரத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, தேவையான துண்டை மட்டும் ஒரு ஃபைலுக்குக் கொடுக்கலாம். வயர்ஷார்க்கும் பிடிக்கிற வேலையை 'டம்ப்கேப்'ங்கிற சின்ன நிரல்கிட்ட தனியா விட்டிருக்கு. உரிமை அதுக்கு மட்டும் போதும். டெபியன், உபுண்டுல வயர்ஷார்க்-காமன் பொதியை மறுபடி கான்ஃபிகர் பண்ணினா, சாதாரண பயனர்களும் பாக்கெட் பிடிக்கலாமான்னு ஒரு கேள்வி வரும். ஆமான்னு சொல்லி, வயர்ஷார்க் குரூப்ல உங்களைச் சேத்துக்கிட்டு, லாக்-அவுட் பண்ணி உள்ள வந்தா முடிஞ்சுது.

அந்தக் கேள்விக்கு முன்னாடியே 'இல்லை'ன்னுதான் குறிச்சு வச்சிருப்பாங்க. "இது எதுக்குய்யா வெட்டி வேலை"ன்னு சிலர் அலுத்துக்கறாங்க. நான் டெபியன் கட்சி. சொந்த லேப்டாப்னா தாராளமா ஆமான்னு சொல்லுங்க. பத்து பேர் லாகின் பண்ற டீம் சர்வர்னா? அந்த குரூப்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் அந்த மெஷின்ல மத்தவங்களுக்கு வர்றதையும் போறதையும் படிக்கலாம். வெப்சைட் எல்லாம் இப்போ பெரும்பாலும் பூட்டின கவர்லதான் போகுதுன்னாலும், சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் திறந்த தபால் கார்டுதான். டிஎல்எஸ் இல்லாத டேட்டாபேஸ் இணைப்பும் அப்படியே.

அங்கெல்லாம் என் கட்சி இது: அட்மின் மட்டும் டிசிபிடம்ப்ல தேவையான போர்ட்டை, தேவையான நேரத்துக்குப் பிடிச்சு ஃபைலாக் கொடுக்கட்டும். நாம அதை நம்ம பொட்டியில சாதாரண பயனராத் திறந்து பாக்கலாம். ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

'அனுமதி இல்லை'ன்னு மெஷின் சொல்றப்ப, அது யாருக்காகச் சொல்லுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க மக்கா. பல நேரம் அது பக்கத்து சீட்டுக்காரருக்காக.

மாற்றுக்கருத்து இருக்கிறவங்க வாங்க, கும்மியடிக்கலாம்.