உறைமேல் முகவரி

பள்ளியில் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். விளிப்பு, செய்தி, இப்படிக்கு என்று எல்லாம் முடிந்த பிறகு ஒரு கட்டம் போட்டு ‘உறைமேல் முகவரி’ எழுத வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முகவரி தவறானால் அது போய்ச் சேராது என்ற பாடம் அந்தக் கட்டத்துக்குள் இருந்தது. இன்றைய மாணவர்கள் செல்போனில் ஒரு நாளைக்கு எத்தனையோ கதவுகளைத் தட்டுகிறார்கள். கதவின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில் அடிப்படை. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர் வலைப்பின்னல்களை இணைப்பதால் அது இணையம். தமிழில் அமைந்த நல்ல காரணப் பெயர்களில் ஒன்று. நாம் அனுப்பும் எதுவும் அதில் ஒரே மூட்டையாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, சேர வேண்டிய இடத்தின் எண்ணை ஒவ்வொன்றும் சுமந்துகொண்டு பயணம் செய்து, மறுமுனையில் ஒன்றுசேர்கிறது. இணையத்தைத் தண்டவாளம் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் ஓடும் ரயில்கள் பல. மின்னஞ்சல் ஒன்று. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த ‘வெப்’ இன்னொன்று. நாம் பார்க்கும் இணையதளங்கள் எல்லாம் இந்த இரண்டாவது ரயிலின் பெட்டிகள்.

எண்களை மனிதர்களால் நினைவில் வைக்க முடியாது. எனவே 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் எண்களுக்குப் பதிலாகப் பெயர்களைப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். நாம் பெயரைத் தட்டுகிறோம். அதற்குரிய எண்ணை எங்கோ ஒரு கம்ப்யூட்டர் தேடித் தருகிறது. ஏமாற்றுக்காரர்கள் விளையாடும் இடமும் இந்தப் பெயர்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, மாணவர்களுக்கான குறைந்த கட்டண இணைப்பில் வெறும் எழுத்துகள் மட்டுமே தெரியும், படம் வராது. அன்று இணைப்பு கிடைப்பதே பெரிய விஷயம். இன்று இணைப்பு சட்டைப்பையில் இருக்கிறது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்பதே இப்போதைய கேள்வி.

அதற்கு விடை சொல்வது எளிது. இணையதள முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். மத்திய அரசின் உதவித்தொகைத் தளத்தின் பெயர் ‘ஸ்காலர்ஷிப்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்’. கடைசியில் உள்ள ‘இன்’ இந்தியாவைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள ‘ஜிஓவி’ அரசாங்கம். ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. நீட் தேர்வின் தளம் ‘என்ஐசி டாட் இன்’ என்று முடிகிறது. என்ஐசி என்பது அரசின் தேசியத் தகவலியல் மையம்.

இப்போது அதே பெயரில் ‘இன்’னுக்குப் பிறகு இன்னொரு டாட் வைத்து, வேறொரு சொல்லும் ‘காம்’ என்பதும் ஒட்டியிருந்தால்? கடைசியாக ஒட்டியிருப்பவர்தான் வீட்டுக்காரர். முன்னால் இருக்கும் ‘ஜிஓவி’ வாசலில் மாட்டிய பொய்ப் பலகை. டாட் இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு இருந்தாலும் அதே கதைதான். ‘இன்’ என்று முடியும் சாதாரணப் பெயரைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பியும் பயனில்லை. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே பூட்டு உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது.

இது வீண் பயமல்ல. ஜேஇஇ தேர்வின் பெயரால் போலித் தளங்கள் விண்ணப்பக் கட்டணம் வசூலிப்பதாக 2021இல் தேசியத் தேர்வு முகமையே எச்சரிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு இழப்பு பணத்தோடு முடிவதில்லை. கடைசித் தேதியும் போய்விடுகிறது.

இன்னொரு ஆபத்து நம் தெருமுனையிலேயே இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது, மாணவரிடம் மின்னஞ்சல் இல்லை என்று கடைக்காரர் தன்னுடையதையே எழுதிவிடுவதுண்டு. உதவிதான் செய்கிறார். ஆனால் பாஸ்வேர்டு அவரிடம், ஓடிபி அவர் போனில். கலந்தாய்வு நாளில் கடை பூட்டியிருந்தால் அந்த மாணவரின் கல்லூரியும் பூட்டிக்கிடக்கும். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும்; மொபைல் எண் பெற்றோருடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டை வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவைப்பதில் தவறில்லை. ஓடிபியைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால், திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம்.

பயமுறுத்தி நிறுத்திவிடுவது நியாயமில்லை. சரியான கதவுகளுக்குப் பின்னால் செல்வம் கொட்டிக்கிடக்கிறது. என்சிஇஆர்டி பாடநூல்கள் முழுவதும் இலவசம். 2015இல் வந்த டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் கிடைக்கிறது, கிழியாது, தொலையாது. 2017இல் தொடங்கிய தீக்ஷா தளத்தில் பள்ளிப் பாடங்களும், ஸ்வயம் தளத்தில் பெரும்பாலும் கல்லூரிப் பாடங்களும் இருக்கின்றன. மும்பையிலோ தில்லியிலோ வளர்ந்து, தமிழ் பேச்சோடு நின்றுபோன பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பாடங்களையும் ஒரு நூலகத்தையும் திறந்து வைத்திருக்கிறது. இதற்கெல்லாம் சிபாரிசு தேவையில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு வகுப்பு போதும். கரும்பலகையில் ஐந்து முகவரிகளை எழுதி, எது யாருடைய வீடு என்று மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் லேப் பூட்டியிருக்கும் பள்ளியிலும் சாக்பீஸ் இருக்கும்.