விதைப் பயறைக் காக்க எண்ணெயும் மருந்தும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் அங்குள்ள பெரிய தானியக் களஞ்சியங்களை வியந்து பார்க்கின்றனர். விளைவிப்பதற்கு இணையான பணி, விளைந்ததைக் காப்பது. அதே வட்டாரத்தில், பனமலை போன்ற ஊர்களில் உளுந்தை விதைக்கென எடுத்து வைக்கும் சிறு விவசாயிக்கு, பயறு வண்டுதான் பெரும் எதிரி.

இவ்வண்டு முட்டையைப் பயறின் தோல்மீது ஒட்டி வைக்கிறது. பொரிந்த புழு உள்ளே துளைத்துச் சென்று, வண்டாகவே வெளிவருகிறது. கோடையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மேலே தெளிக்கும் மருந்து உள்ளிருக்கும் புழுவை எளிதில் எட்டுவதில்லை.

ஒரு கிலோ பயறுக்கு 5 முதல் 10 மி.லி. வேப்ப எண்ணெய் அல்லது கடலை எண்ணெய் பூசினால், முட்டைக்குக் காற்று கிட்டாமல் போகிறது. வளர்ந்த வண்டைப் பூச்சிக்கொல்லி அழிக்கிறது. இரண்டையும் இணைப்பதில் மற்றொரு பயனும் உண்டு. சாமந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரித்ரம் மருந்தின் வீரியத்தை நல்லெண்ணெய் கூட்டுகிறது என்பது 1940-இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. நஞ்சைச் சிதைக்கும் பூச்சியின் நொதிகளை எள்ளிலுள்ள செசமின் போன்ற பொருள்கள் முடக்குவதே காரணம். கிடங்குச் சுவர்களிலும் சாக்குகளிலும் இன்று தெளிக்கப்படும் டெல்டாமெத்ரினும் பைரித்ரத்தின் வழிவந்த செயற்கை மருந்தே.

குறைந்த மருந்தில் கூடுதல் பயன் என்பது இன்றைய தேவை. கிடங்குகள் பெரிதும் நம்பியிருக்கும் பாஸ்பீன் வாயுவைத் தாங்கும் வண்டினங்கள் இந்தியாவிலும் உருவாகியுள்ளன. அவ்வாயுவைத் தரும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ மனித உயிரையும் பறிக்க வல்லது. வீட்டில் வைக்கத் தக்கதன்று.

ஆயினும், விவசாயி தாமே கண்ணளவில் கலந்துகொள்வதை நான் ஏற்கவில்லை. எல்லா எண்ணெயும் எல்லா மருந்தோடும் ஒத்துப்போவதில்லை. விதைப்புக்குப் பின் மிஞ்சும் பயறு சமையலறைக்கோ சந்தைக்கோ செல்வது கிராமங்களில் இயல்பு. மருந்தும் உடன் செல்லும். எனவே, உண்ணும் பயறுக்கு எண்ணெய் மட்டுமே போதும். கலவை விதைக்கு மட்டும் உரியது. அவ்விதைக்கு நிறமூட்டுவதும் கட்டாயமாக வேண்டும்.

எந்த எண்ணெய், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் விவசாயிகளின் வீடுகளிலேயே சோதித்து அறிவிக்கலாம். அந்த அளவு, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட வேண்டும்.