கரப்பான் அழுக்கும் இல்லை, தொற்றும் இல்லை



மன்னாரில் சோளகம் வீசத் தொடங்கினால் முழங்கை மடிப்பையும் முழங்கால் மடிப்பையும் சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் வகுப்பில் கூடிவிடுவார்கள். அவர்களைக் கடைசி வாங்கில் தனியாக இருத்துவதும், "உம்மா குளிப்பாட்டுறதில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பதும் இன்னும் நடக்கிறது. ஓதப் போகும் இடத்தில் பாயில் பக்கத்தில் இருக்க விடாததும் உண்டு. இது அநியாயம்.

நம் மேல்தோலில் பிலாக்ரின் என்றொரு புரதம் இருக்கிறது. தோல் கலங்களுக்குள் உள்ள கெரட்டின் நார்களை அது கட்டுக்கட்டாகச் சேர்த்து இறுக்கும். கலங்கள் தட்டையாகி, ஓடு வேய்ந்தது போல அடுக்காகும். பிறகு அதே புரதம் உடைந்து, தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருட்களாக மாறும். இது குறைந்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும். வெளியே இருக்கும் தூசும் சோப்பும் கிருமியும் உள்ளே புகும். அழற்சியும் அரிப்பும் அதன் பிறகுதான்.

2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனின் குழு, இந்தப் புரதத்துக்கான பரம்பரை அலகில் குறை இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்று காட்டியது. ஐரோப்பியரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அந்தக் குறை உண்டு. ஆசிய மக்களிடம் அதன் வேறு வடிவங்கள் காணப்படுகின்றன. கரப்பான் உள்ள எல்லாருக்கும் இந்தக் குறை இருப்பதில்லை. இருந்தாலும், பிறப்போடு வந்த ஒன்றுக்குப் பிள்ளையையோ உம்மாவையோ எப்படிக் குற்றம் சொல்வது?

சிரங்கு வேறு. அது சிற்றுண்ணியால் வருவது, தொற்றும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் அரிக்கும். எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நாம் இல்லை.

அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, இருக்கிற வேலியும் போய்விடும். குளித்து, ஈரம் காயுமுன் வாஸ்லின் போன்ற ஒன்றைத் தாராளமாகப் பூசுங்கள். வுழூச் செய்த பிறகும் கைகால்களுக்குப் பூசலாம். ஃபார்மசியில் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் கிறீமைப் பூச வேண்டாம். வைத்தியர் சொல்லாமல் மீனையும் இறாலையும் நிறுத்த வேண்டாம்; வளரும் பிள்ளைக்கு அது நட்டம்.

ஆசிரியர்களிடமும் உஸ்தாத்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பிள்ளையை முன் வாங்கில் இருத்துங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தள்ளி வைத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.