பார்த்துக்கொள்பவருக்கு மாற்று ஆள்: எங்கள் நிலைப்பாடு

படுத்த படுக்கையான பெற்றோரையோ, நினைவு தப்பிய கணவரையோ, எதற்கும் ஆள் துணை தேவைப்படும் பிள்ளையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு முதலில் தர வேண்டியது மாற்று ஆள். பயிற்சி பெற்ற ஒருவர், மாதம் நான்கு அரை நாளாவது, வீட்டுக்கே வந்து அவர்கள் இடத்தில் இருக்க வேண்டும். உதவித்தொகை அதற்கு அடுத்துத்தான்.

பணம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேரளத்தின் 'ஆஸ்வாசகிரணம்' திட்டம் இப்படிப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. அந்த அங்கீகாரம் பெரிது. ஆனால் ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்தால் ஒரு நாள் கூலிக்கே அது காணாது. காசு இருக்கும் வீட்டிலும் நம்பி விட்டுப்போக ஆள் கிடைப்பதில்லை.

2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, பராமரிப்பில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 76 நிமிடம். படுக்கையில் ஒருவர் கிடக்கும் வீட்டில் இந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினால் அரை மணி நேரமாவது தலையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில்தான் ரேஷன் கடை, கல்யாணம், காரியம் எல்லாம். தன் கர்ப்பப்பை அறுவை சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவருக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதில் எங்களுக்கு ஆர்வமில்லை.

சட்டத்தில் இவர்களுக்கு இடமிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் ஊதியமின்றிப் பார்த்துக்கொள்பவரையும் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கின்றன. தேசிய அறக்கட்டளையின் 'சமர்த்' திட்டத்தில் தற்காலிகத் தங்கலும் உண்டு. ஆனால் அந்த அறக்கட்டளையின் வரம்பு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் பார்க்கும் மருமகளுக்கு அதில் வழியில்லை.

புதிய துறை எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஏற்கெனவே வீடு தேடி வருகிறது. மருந்தும் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சேவையும் தருகிறது. அந்த வருகையிலேயே பார்த்துக்கொள்பவரின் பெயரையும் பதிந்து, மாற்று ஆளை ஏற்பாடு செய்யலாம். மாற்று ஆளின் வேலையை அத்திட்டத்தில் ஊக்கத்தொகைக்கு அலையும் தன்னார்வலர் பெண்களின் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. ஒரு பெண்ணின் கூலியில்லா உழைப்பைக் குறைக்க இன்னொரு பெண்ணின் அரைக்கூலி உழைப்பா? தனிப் பணியிடம், முறையான ஊதியம் வேண்டும்.

தங்கும் இல்லங்களை நாங்கள் முதலில் கேட்கவில்லை. மறதி நோயாளியை இடம் மாற்றினால் குழப்பம் கூடும். ஆனால் பார்த்துக்கொள்பவரே மருத்துவமனையில் சேர நேர்ந்தால் வேறு வழி கிடையாது; அதற்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சில படுக்கைகளை ஒதுக்க வேண்டும்.

திட்டம் வந்தாலும் பலர் உடனே முன்வர மாட்டார்கள். முன்பின் தெரியாதவரிடம் அம்மாவை விட்டுப்போக மனம் வராது. அக்கம்பக்கத்தார் பேச்சும் இருக்கிறது. எனவே ஆளை மாற்றி மாற்றி அனுப்பாமல் ஒருவரையே, முடிந்தால் அதே ஊர்க்காரரையே அனுப்ப வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை பார்த்துக்கொள்பவரும் கூடவே இருக்கட்டும். அந்த நேரத்தை ஓய்வுக் கணக்கில் கழிக்கக் கூடாது.