தாய்க்கும் ஒரு கட்டில் போடுங்கள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். சிசேரியன் தையலோடு தாய் வேறொரு வார்டில், சில இடங்களில் வேறொரு மாடியில், படுத்திருக்கிறாள். பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்புவதுதான் அவளுக்கு மிஞ்சும் வேலை. வீடு திரும்பியபின், 'பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாளே' என்று குறைபடும் உறவினர்கள், அதுவரை யார் அவளைத் தூக்கவிட்டார்கள் என்று கேட்பதில்லை.

பெற்றவளுக்குப் பாசம் தானாக ஊறும் என்ற நம்பிக்கை, மற்ற எல்லோரையும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸும் ஜான் கென்னலும் 1972இல் 28 தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவம் முடிந்ததும் குழந்தையோடு கூடுதல் நேரம் கழித்த தாய்மார் அதிக நெருக்கம் காட்டியதாக அது சொன்னது. மருத்துவமனைக் கதவுகள் திறக்க அது உதவியது உண்மை. ஆனால் அந்த முதல் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பீதியும் கூடவே பரவியது. அந்தப் பீதிக்குப் பின்வந்த ஆய்வுகளில் ஆதாரமில்லை. பிணைப்பு நாள்பட வளர்வது. முதல் நாள் எதுவும் தோன்றாத தாயும் நல்ல தாய்தான். தத்தெடுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

நாள்பட வளர வேண்டுமென்றால் கூட இருக்க இடம் வேண்டுமே! கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1978இல் மருத்துவர் எட்கர் ரே தொடங்கியது கங்காரு பராமரிப்பு: தாயின் வெற்று மார்பில் குழந்தையை அணைத்து வைப்பது. பொதுவாகக் குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே இதை அனுமதித்துவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து, டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, பிறந்தவுடனேயே தொடங்கிப் பார்த்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையிருந்த குழந்தைகளில், 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. 2021இல் முடிவு வெளியானது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது.

தாய் உள்ளே வந்தால் தொற்று வரும் என்பது வழக்கமான மறுப்பு. அதே ஆய்வில், கிருமித்தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் தாயோடு இருந்த பிரிவில்தான் குறைவு. இடமில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அது கட்டடத்தின் சிக்கல், மருத்துவத்தின் சிக்கல் அல்ல. தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பனோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம்.

இனி கட்டப்படும் ஒவ்வொரு பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வரைபடத்திலும் குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்திலேயே தாய்க்கும் ஒரு கட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத வரைபடத்துக்கு சுகாதாரத் துறை ஒப்புதல் தரக் கூடாது.