11 மில்லிகிராம் வித்தியாசம்

இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒப்படர்த்தி காணும் சோதனை வந்தால் மாணவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். வெறும் குடுவையை எடை போட வேண்டும், நீர் நிரப்பி எடை போட வேண்டும், நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்த திரவத்தை நிரப்பி மறுபடி எடை போட வேண்டும். பிறகு கழித்தலும் வகுத்தலும்தான். அதையும்விட எளிது, விடையை முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பது. கிளிசரின் என்றால் 1.26. அளந்தது 1.24 என்று வந்தால் எடையில் ஓர் இலக்கத்தைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடலாம். அட்டவணையோடு பொருந்துகிற விடைக்குத்தானே முழு மதிப்பெண்? யாருக்கும் நட்டமில்லாத சின்னத் தில்லுமுல்லு என்று இதை நாம் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். ஆனால், அடர்த்தி அளவீடு அறிவியலுக்குக் கொடுத்த மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் சில, அட்டவணைக்கு அடங்காத இத்தகைய சிறு விலகல்களிலிருந்தே பிறந்தன. அந்த விலகலை அழிக்கப் பழக்குகிற மதிப்பெண் முறையை இனியும் வைத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்தின் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்த கதையை எடுத்துக்கொள்வோம். வாயுவை எடை போடுவது லேசான காரியமில்லை. காற்றை உறிஞ்சி எடுத்ததும் கண்ணாடிக் கோளம் வெளியழுத்தத்தால் மிகச் சிறிதளவு சுருங்கும். சுருங்கினால் சுற்றியுள்ள காற்று அதைத் தாங்கும் விசையும் மாறும். இதை ரெனோ போன்ற தேர்ந்த அளவீட்டாளரே கணக்கில் எடுக்கத் தவறியிருந்தார், ராலே எடுத்தார். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் கணக்கு இடித்தது. காற்றிலிருந்து ஆக்சிஜன் முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் அவருடைய கோளத்தில் 2.3102 கிராம் இருந்தது. வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ அதே கோளத்தில் சராசரியாக 2.2993 கிராம்தான். வித்தியாசம் சுமார் 11 மில்லிகிராம், அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டின் சராசரியைப் போட்டு வேறு வேலையைப் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1892இல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதி, இதற்கு விளக்கம் தெரியுமா என்று வேதியியலாளர்களிடமே கேட்டார். லேசான வாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்குமோ என்று வேண்டுமென்றே ஹைட்ரஜனைச் சேர்த்துச் சுத்திகரித்துப் பார்த்தார். சேர்த்தது முழுவதும் நீங்கிவிட்டது. எட்டு மாதம் வாயுவைப் பூட்டி வைத்து மறுபடி எடை போட்டார், அடர்த்தி அசையவில்லை. பிறகு வேதியியலாளர் வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொள்ள, 1894இல் ஆர்கான் வெளிப்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக இருந்தும் அதுவரை அடையாளம் காணப்படாத தனிமம் அது. இருவருக்கும் 1904இல், ஒருவருக்கு இயற்பியலிலும் மற்றவருக்கு வேதியியலிலும், நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு கதையின் மூலப்பொருள் இலங்கை மண்ணிலிருந்து போனது. ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு நிறையோடு இருக்கலாம் என்று வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி வாதிட்டார். ஐசோடோப்பு என்று இன்று பாடப்புத்தகத்தில் படிப்பது அதைத்தான். தோரியம் சிதைந்து கடைசியில் ஈயமாக நிற்கிறது என்றால், தோரியத் தாதுவில் கிடைக்கும் ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும். வேதிக் குணத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் அவற்றைப் பிரித்துக் காட்ட வேறு வழி வேண்டும். அணுக்கள் அடைக்கும் இடம் சமம், எடை மட்டும் வேறு என்றால் அடர்த்தி காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? இலங்கையின் தோரைட் தாதுவிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்தைவிட 0.26 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்று 1915இல் சாடி அறிவித்தார். அவர் நம் செய்முறைத் தேர்வில் உட்கார்ந்திருந்தால், “ஈயத்துக்கு இது வராதே, மறுபடி பாருங்கள்” என்று தேர்வாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது. மாணவர் கையில் வரும் விலகல் ஆர்கான் அல்ல. குடுவையின் வெளிப்புறத்தைத் துடைக்காதது, உள்ளே குமிழி தங்கியது, அவசரம். உண்மைதான். ஆனால் பிழை எது, புதுமை எது என்று விலகல் தானாகச் சொல்லாது. அளந்ததை அளந்தபடி எழுதி, திரும்பத் திரும்ப அளந்தவருக்குத்தான் அது தெரியும். நீரின் அடர்த்தி 20 டிகிரி செல்சியஸில் 0.9982, 30 டிகிரியில் 0.9957. வேறுபாடு கால் விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், அதாவது ஏறக்குறைய சாடி கண்ட வித்தியாசத்தின் அளவு. சென்னையின் மே மாத வெயிலில் வெப்பநிலையைக் குறிக்காமல் எடை போடுகிற மாணவருக்கு ஐசோடோப்பே எதிரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. இலக்கத்தைத் திருத்திய மாணவருக்கோ, தன் பிழை வெப்பநிலையில் இருந்ததா குமிழியில் இருந்ததா என்று தேடும் வாய்ப்பே பறிபோகிறது.

குழாயின் அதிர்வை வைத்து அடர்த்தியைப் பல தசம இடங்கள் வரை நொடியில் காட்டும் கருவிகள் வந்த பிறகு குடுவை எதற்கு என்பது மற்றொரு கேள்வி. அந்தக் கருவியையும் அடர்த்தி தெரிந்த காற்றையும் நீரையும் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணை எங்கே சந்தேகிப்பது என்ற புத்தி கருவியோடு சேர்ந்து வருவதில்லை. ஒப்படர்த்தி பொருளை உறுதியாக அடையாளம் காட்டாதே என்பாரும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். தங்கத்துக்கும் டங்ஸ்டனுக்கும் 19.3ஐ ஒட்டியே அடர்த்தி. கொழுப்பை எடுத்தால் பாலின் அடர்த்தி கூடும், நீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் அளவோடு செய்பவர் பால்மானியை ஏமாற்றிவிடுவார். ஒப்படர்த்தி பொய்யான உரிமைகோரலைத் தள்ளிவிடும், மெய்யானதை நிரூபிக்காது. இந்த வரம்பை மாணவர் தம் கையால் அளந்து அறிந்துகொள்வது, பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதைவிட மேல்.

ஆகவே, செய்முறைத் தேர்வில் விடை அட்டவணைக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதற்குத் தரும் மதிப்பெண்ணை, வெப்பநிலையைக் குறித்ததற்கும், குறைந்தது மூன்று முறை அளந்ததற்கும், அவற்றின் ஏற்றத்தாழ்வைக் கூச்சமில்லாமல் காட்டி, விலகலுக்குக் காரணம் எழுதியதற்கும் மாற்ற வேண்டும். புதுக் கருவி எதுவும் தேவையில்லை. நல்ல தராசும் வெப்பநிலைமானியும் போதும். தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். ஒரே ஆசிரியர், ஒரு வகுப்பு நிறைய மாணவர்கள், முடித்தே ஆக வேண்டிய சோதனைப் பட்டியல் என்றால் மூன்று முறை அளக்க யாரால் முடியும்? பட்டியலைப் பாதியாகக் குறைப்பதே இதற்கு வழி. பாடத்திட்டக் குழுக்கள் சோதனைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகக் கருதும்வரை அதற்கு இணங்க மாட்டா என்பதால், ஆசிரியர்கள்தான் முதலில் இதைக் கேட்க வேண்டும்.