ஒரு வீடும் இரண்டு பூட்டுகளும்

தோழனே!

வீடு என்றதும் உன் நெஞ்சில் எழுவது எது? செங்கல்லா, சுண்ணாம்பா, தேக்குமரக் கதவா? மழை கொட்டும் இரவில் குழந்தையை மடியிலிட்டு அமர ஓர் இடம். 'போ வெளியே' என்று எவனும் சொல்ல முடியாத ஓர் இடம். அந்த உரிமைக்குப் பெயர்தான் வீடு. பிறந்த மண்ணிலேயே அதைப் பெறுவது பெரும்பாடு. கடல் கடந்து போனவன், மொழி புரியாத மண்ணில், வியர்வை சிந்திச் சேர்த்த காசைக் கொடுத்து, விற்பவன் மனமுவந்து விற்க, முறைப்படி ஒரு வீட்டை வாங்குகிறான். வாங்கியபின் அரசாங்கமே வாசலில் வந்து நின்று, "இவ்வீடு உனக்கு ஆகாது, உன் பிறப்பு அப்படி!" என்று சொன்னால் அவன் நிலை என்ன?

சொன்னார்கள் தோழனே! விடுதலைத் தேவியின் சிலையைத் துறைமுகத்திலே நிறுத்தி வைத்துக்கொண்டே சொன்னார்கள். நாடு அமெரிக்கா. மாநிலம் கலிபோர்னியா. ஊர் ரிவர்சைடு. சொல்லப்பட்டவர் ஜூக்கிச்சி ஹராடா என்ற ஜப்பானியர்.

ரிவர்சைடு ஆரஞ்சுத் தோட்டங்களால் செல்வம் கொழித்த ஊர். அத்தோட்டங்களிலே பழம் பறித்த கைகளில் ஜப்பானியர் கைகள் ஏராளம். ஹராடா அங்கே ஓர் உணவு விடுதி நடத்தினார். அறைகளை வாடகைக்கு விடும் தங்கும் விடுதியும் நடத்தினார். உணவு விடுதிக்கு அவர் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? வாஷிங்டன்! வந்த நாட்டின் மீது அவருக்கிருந்த வாஞ்சைக்கு வேறு சான்று வேண்டுமா? ஊருக்கெல்லாம் சோறு போட்டவருக்குத் தனக்கென ஒரு வீடில்லை. விடுதி அறைகளின் நெரிசலிலேயே மனைவி மக்களோடு வாழ்ந்தார். தொண்டை அடைப்பான் நோய் வந்தது. சின்னஞ்சிறு மகன் ஒருவனைக் கொண்டு போயிற்று. பெற்ற மனம் துடித்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு வீடு வேண்டும், எஞ்சிய குழந்தைகளையாவது காக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1915 டிசம்பரில் லெமன் தெருவில் ஒரு சிறு வீட்டை வாங்கினார். விலை 1,500 டாலர். பத்திரத்திலே எழுதப்பட்டது அவர் பெயரன்று. மினே, சுமி, யோஷிசோ என்ற மூன்று குழந்தைகளின் பெயர். உழைத்தவர் தந்தை, பணம் தந்தையுடையது. பத்திரமோ பள்ளிப் பிள்ளைகள் பெயரில்! ஏன் இந்தப் புதுமை என்கிறாயா? அங்கேதான் நீ கூர்ந்து கவனிக்க வேண்டிய சூழ்ச்சி இருக்கிறது.

ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுகள் போட்டிருந்தார்கள் தோழனே!

முதற் பூட்டு, 1790ஆம் ஆண்டுச் சட்டம். வெளியிலிருந்து வந்தவர்களிலே, அடிமையல்லாத வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது அது. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1870இல், ஆப்பிரிக்க வழிவந்தோருக்கும் அவ்வுரிமை நீட்டப்பட்டது. ஆசியக் கண்டத்தார் வெளியே நிறுத்தப்பட்டனர். இரண்டாம் பூட்டு, 1913இல் கலிபோர்னியா இயற்றிய அயலார் நிலச் சட்டம். அதிலே 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது! "குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார்" நிலம் வாங்கலாகாது என்று மட்டும் எழுதினார்கள். எவ்வளவு நாகரிகமான நஞ்சு பார்த்தாயா?

சட்டத்தின் முன்னே ஒரு மனிதனை நிறுத்திப் பார்.

"ஐயா, நிலம் வாங்கலாமா?"

"குடிமகன் ஆகக்கூடியவன் வாங்கலாம்."

"அப்படியானால் என்னைக் குடிமகன் ஆக்குங்கள்."

"முடியாது; நீ ஆசியாவிலே பிறந்தவன்."

"பிறப்புத்தான் தடையா?"

"பிறப்பைப் பற்றி நிலச் சட்டத்திலே ஒரு சொல்லும் இல்லையே! படித்துப் பார்!"

முதற் பூட்டைப் பூட்டியவன் சாவியைக் கடலில் எறிந்தான். இரண்டாம் பூட்டைப் பூட்டியவன், "சாவி இருந்தால் திறந்துகொள்ளலாமே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்டான்.

ஆனால் அந்த நாட்டின் அரசியல் சட்டத்திலே 14ஆவது திருத்தம் என்று ஒன்றிருந்தது. அம்மண்ணில் பிறந்த குழந்தை அந்நாட்டுக் குடிமகனே என்பது அதன் கருத்து. சீனப் பெற்றோருக்கு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பார் வழக்காடி, 1898இல் உச்ச நீதிமன்றத்திலே அதை உறுதி செய்திருந்தார். ஆகவே ஹராடாவின் அந்த மூன்று குழந்தைகளும் அமெரிக்கக் குடிமக்கள். தந்தைக்கு அடைபட்ட கதவு மக்களுக்குத் திறந்திருந்தது. அந்த வழியாகத்தான் குடும்பம் வீட்டுக்குள் நுழைந்தது.

பொறுப்பார்களா பக்கத்து வீட்டார்? குழு அமைத்தார்கள். கூடுதல் பணம் தருகிறோம், வீட்டைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். மறுத்தார் ஹராடா. கொன்றாலும் சரி, கடலிலே தூக்கி எறிந்தாலும் சரி, விற்கமாட்டேன் என்ற பொருள்பட அவர் அன்று சொன்ன மறுமொழி இன்றும் நினைவுகூரப்படுகிறது. காசு தோற்ற இடத்தில் சட்டத்தை ஏவினார்கள். 1916இல் மாநில அரசே வழக்குத் தொடுத்தது. தொடுத்தவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் வெப். அந்த நிலச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே அவர்! ஒரு பக்கம் கலிபோர்னியா மாநிலம். மறு பக்கம் உணவு விடுதிக்காரரும் மூன்று குழந்தைகளும்.

1918 செப்டம்பரில் நீதிபதி ஹியூ கிரெய்க் தீர்ப்பளித்தார். குழந்தைகள் குடிமக்கள், குடிமக்களுக்குச் சொத்துரிமை உண்டு, வீடு அவர்களுக்கே என்றார். வெற்றி! ஆனால் முழு வெற்றியா? இல்லை தோழனே! நிலச் சட்டம் செல்லாது என்று அவர் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வீடு கிடைத்தது. தந்தை அயலாராகவே நின்றார். தன் மக்களின் வீட்டிலே தந்தை குடியிருந்தார்.

இந்தக் கொடுமை நம் நாட்டாரையும் தீண்டாமல் விடவில்லை. 1920இல் வாக்கெடுப்பின் வழியாகவே நிலச் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். 1922இல் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர் உச்ச நீதிமன்றத்தை அணுகிக் குடியுரிமை கேட்டார். வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார். நீர் அவ்வினத்தாரல்லர் என்று மறுத்தார்கள். அடுத்த ஆண்டே, 1923இல், அமெரிக்கப் படையிலே பணிபுரிந்த பகத்சிங் திண்டு என்ற பஞ்சாபியர் வந்தார். இனநூல் வல்லாரின் கணக்குப்படி நான் காக்கேசியன் அன்றோ என்று கேட்டார். அதே நீதிமன்றம் என்ன சொன்னது? இனநூல் கணக்கு செல்லாது. பாமரர் பார்வையில் நீர் வெள்ளையரல்லர் என்றது! ஒருவருக்கு விஞ்ஞானம் காட்டி மறுப்பு. மற்றவருக்கு விஞ்ஞானத்தைத் தள்ளி மறுப்பு. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறிக்க வழக்குகள் தொடர்ந்தன. கழனியை உழுத பஞ்சாபி உழவர்கள், நிலத்தை யார் யார் பெயரிலோ எழுதி வைத்துக்கொண்டு பயிர் செய்யும் நிலைக்கு ஆளானார்கள்.

லெமன் தெரு வீட்டுக்கு இன்னும் பெரிய சோதனை காத்திருந்தது. போர் மூண்டது. 1942 பிப்ரவரி 19இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிலே மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள்! எந்தக் குடியுரிமையைக் காட்டி ஹராடா குடும்பம் வழக்கிலே வென்றதோ, அதே குடியுரிமை அன்று செல்லாக் காசாயிற்று. வீட்டின் கடைசி மகன் ஹரால்டு, படுக்கையறைச் சுவரிலே, 1942 மே 23 சனிக்கிழமை காலை 7 மணிக்கு வெளியேற்றப்பட்டதாக எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டான். பெற்றோர் இருவரும் யூட்டா மாநிலத்து டோப்பாஸ் முகாமிலேயே உயிர் நீத்தார்கள். விற்கமாட்டேன் என்று நின்ற அந்த மனிதருக்கு, அந்த வீட்டிலே சாகும் உரிமைகூடக் கிடைக்கவில்லை!

வீடு மட்டும் நிலைத்தது. நண்பர் ஒருவர் அதைக் காத்து வைத்திருந்தார். போர் ஓய்ந்து, மகள் சுமி திரும்பினார். முகாமிலிருந்து வந்து தங்க இடமின்றித் தவித்தவர்களுக்கு அந்த வீட்டிலே இடம் கொடுத்தார். ஊரார் விரட்டப் பார்த்த வீடு, ஊரற்றோருக்கு அடைக்கலமாயிற்று!

பூட்டுகள் உடைந்த விதத்தையும் கேள். அவை தாமாக உடையவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஏடு நடத்திய செய் ஃபூஜி என்பவர் சட்டம் பயின்றவர். குடியுரிமை இல்லாததால் வழக்கறிஞராக முடியாதவர். அச்சட்டத்தை மோதிப் பார்க்கவென்றே 1948இல் ஒரு மனையை வாங்கினார். 1952இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அயலார் நிலச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டத்திலிருந்த இனத்தடையும் நீங்கியது. 1956 நவம்பரில், 1920இல் சட்டத்தை இறுக்கிய அதே வாக்குப்பெட்டி, அச்சட்டத்தைத் துடைத்தெறிந்தது.

அதே நவம்பரில், அதே தேர்தலில், இன்னொன்றும் நடந்தது. திலீப்சிங் சவுந்து என்ற பஞ்சாபியர். கணிதத்திலே டாக்டர் பட்டம் பெற்றும் கழனியிலே உழுது பிழைக்க நேர்ந்தவர். 1949இல்தான் குடியுரிமை பெற முடிந்தவர். அவரை மக்கள் அமெரிக்கக் காங்கிரசுக்கு உறுப்பினராக அனுப்பினார்கள். எந்தத் தொகுதி தெரியுமா? இம்பீரியலும் ரிவர்சைடும் சேர்ந்த தொகுதி! ஹராடாவின் வீடு நிற்கும் மாவட்டம்! ஆசியருக்கு வீடு ஆகாது என்ற ஊரார், ஓர் ஆசியரைத் தம் குரலாக்கிக் கொண்டார்கள். 1988இல் முகாம் கொடுமைக்கு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, அன்று உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் வழங்கியது. 1990இல் அந்த வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

நீ ஓர் ஐயம் எழுப்பலாம். "அயலார் நிலம் வாங்கக் கட்டுப்பாடு எல்லா நாட்டிலும் உண்டே? நம் நாட்டிலேயே, வெளிநாட்டில் வாழும் அயல்நாட்டார் நினைத்தபடி வீடு வாங்க முடியாதே?" என்று. நல்ல கேள்வி. நிலம் எல்லையுள்ள பொருள். அதைக் கோடீசுவரர்கள் கொள்ளையிடாமல் காக்க ஒரு நாடு வேலி போடலாம், அது குற்றமன்று. ஆனால் வேலிக்கும் தீண்டாமைக்கும் வேறுபாடு உண்டு. "வந்து வாழ், உழை, குடிமகனாகு, பிறகு வாங்கு" என்பது வேலி. "வாழலாம், உழைக்கலாம், வரி கட்டலாம், ஆனால் எந்நாளும் நீ குடிமகனாக முடியாது, ஆகவே எந்நாளும் வாங்க முடியாது" என்பது தீண்டாமை. கதவிலே பூட்டு இருப்பது தவறன்று. சாவியே செய்யாத பூட்டுத்தான் தவறு.

பழங்கதைதானே என்று தள்ளிவிடாதே. 2023இல் புளோரிடா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்புரிமையோ பெறாத, சீனாவை நிலையான இருப்பிடமாகக் கொண்டவர்கள் அங்கே வீடு நிலம் வாங்குவதற்கு, சில விலக்குகள் நீங்கலாக, அது தடை விதித்தது. காரணம் நாட்டின் பாதுகாப்பு என்றார்கள். பழைய நிலச் சட்டத்தின் மறுபிறவி என்று எதிர்த்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். நீயே அளந்து பார். செயலை வைத்து ஒருவனைத் தடுக்கிறார்களா, வந்த திசையை வைத்துத் தடுக்கிறார்களா? அளவுகோல் அதுதான்.

அதே அளவுகோலை நம் தெருவுக்கும் கொண்டு வா தோழனே! "வீடு வாடகைக்கு" என்ற பலகையைக் கண்டு படியேறுகிறவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? எவ்வளவு முன்பணம் தருவாய் என்பதா? "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? என்ன சாப்பாடு?" என்பதல்லவா? சாதி என்ற சொல் அங்கே வாயிலிருந்து வருவதே இல்லை. கலிபோர்னியாச் சட்டத்திலும் ஜப்பானியர் என்ற சொல் வரவில்லையே! தொலைவிலிருந்து வந்து நம் மாடிகளைக் கட்டும் தொழிலாளி, கட்டி முடிக்காத சுவரோரம் தகரக் கொட்டகையிலே படுத்துக் கிடக்கிறானே, அவனுக்கு வீடு கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? அயல்நாட்டிலே நம் பிள்ளைக்குக் கதவு திறக்க வேண்டும், உள்ளூரிலே நம் கதவு மட்டும் மூடியிருக்க வேண்டுமா?

ஆகவே தோழனே, சட்டம் வரும்போது அதன் சொற்களை மட்டும் படிக்காதே; அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று எண்ணிப் பார். குழந்தைகள் பெயரில் பத்திரம் எழுதிய தந்தை, சட்டத்தைச் சோதிக்க மனை வாங்கிய ஏட்டாளர், வாக்குச் சீட்டால் பழியைத் துடைத்த பொதுமக்கள் என்று நாற்பதாண்டுக் காலம் தோளோடு தோள் கொடுத்தபின்தான் அந்தப் பூட்டுகள் விழுந்தன. மன்றத்தில் வாதாடு; மேடையில் பேசு; வாக்கைத் திரட்டு. அதற்கு முன்னால், உன் வீட்டு மாடியறை காலியாக இருந்தால், நாளைக் காலை படியேறி வருகிறவனிடம் வாடகையைப் பற்றி மட்டும் பேசு!